ஆலை ஓய்ந்தபின் மனையாகும் கட்டடம்

(இலங்கையின் அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், தொழில் நின்றுபோன பழைய ஆலைகளும் பண்டகசாலைகளும் ஜனங்கள் குடியிருக்கும் மாடிமனைகளாக மாறுவதைப் பற்றியது. வயலும் வாய்க்காலுமாக விரிந்து கிடக்கும் நாவிதன்வெளியிலே, நியூயோர்க்கிலும் லண்டனிலும் நகர நடுவே நிகழ்ந்த ஒரு மாற்றத்தைப் பேசுவதனால் பிரயோஜனம் என்ன என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும், அவ்வெண்ணம் நியாயமானதே. ஆயினும், கிட்டங்கித் துறைக்கு அப்பால், மருதமுனை தொடங்கிச் சாய்ந்தமருது வரையுள்ள கரையோர ஊர்களிலே நிலம் ஒடுங்கி வீடு மேல்நோக்கி வளரத் தொடங்கிவிட்டபடியாலும், நம் பிரதேசத்து நெல் ஆலைகளும் நெசவுச்சாலைகளும் ஒவ்வொன்றாக முதுமை எய்திவருகின்றபடியாலும், நம் வீடுகளிலிருந்து புறப்பட்டுப் போன பிள்ளைகள் பலர் அந்நிய நகரங்களிலே அடுக்குமாடிகளையே வீடாகக் கொண்டுவிட்டபடியாலும், இந்த விஷயம் நமக்குத் தூரத்து விஷயம் அன்று என்பதே என் துணிபு. கட்டடத்தைக் காப்பதென்பது, அதிலே முன்னர் உழைத்தவர்களுடைய உரிமையையும் அதிலே பின்னர் வாழப்போகிறவர்களுடைய கூட்டுப் பொறுப்பையும் ஒருங்கே காப்பதாகும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் எஞ்சுவது வெறும் சுவரே. இந்த ஒரு கருத்தை உங்கள் முன் நிலைநாட்டவே நான் இங்கு நிற்கிறேன்.

ஆலைக்கென்று எழுப்பிய கட்டடம் குடியிருப்புக்கு ஏற்றதாய் அமைந்தது எவ்வாறு என்பதை முதலில் நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீராவி யந்திரம் ஒன்றே ஆலை முழுவதற்கும் உயிர். அந்த ஒரு யந்திரத்தின் சுழற்சியை இரும்புத் தண்டுகளாலும் தோற்பட்டிகளாலும் ஒவ்வொரு தறிக்கும் கொண்டு சேர்க்கவேண்டி இருந்தமையால், தறிகளை நெடுந்தூரம் பரப்பி வைக்க இயலாது, தளத்தின்மேல் தளமாக அடுக்கினார்கள். அத்தளங்கள் யந்திரங்களின் பாரத்தையும் அதிர்ச்சியையும் தாங்கவேண்டி இருந்தமையால் சுவர்கள் தடித்தன, உத்திரங்கள் பருத்தன, வார்ப்பிரும்புத் தூண்கள் அணிவகுத்து நின்றன. பஞ்சுத் தூசி நிறைந்த கூடத்திலே விளக்கைக் கொளுத்துவது அபாயமாகையால், பகலொளியையே நம்பிச் சாளரங்களை ஆளுயரத்துக்கும் மேலாக அகலத் திறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் நின்று வேலைசெய்யும் இடத்திலே வெப்பமும் ஆவியும் மேலெழ வேண்டுமென்பதற்காகக் கூரையை உயர்த்தினார்கள். ஆகவே, இன்று ஒரு செல்வர் தம் மனைக்கு வேண்டுமென்று விரும்பி விலை கொடுக்கும் உயரமும் விசாலமும் ஒளியும் உறுதியும் மனிதருடைய சுகத்தைக் கருதி உண்டானவை அல்ல. யந்திரத்தின் தேவையைக் கருதி உண்டாகிப் பின்னர் மனிதருக்கு வாய்த்தவை.

அக்கட்டடங்கள் வெறுமையானதற்கும் காரணம் யந்திரமே. ஒவ்வொரு தறிக்கும் தனித்தனி மின்மோட்டர் வந்த பிறகு, தளத்தின்மேல் தளம் அடுக்கவேண்டிய கட்டாயம் ஒழிந்தது. பொருள்களை மேலும் கீழும் ஏற்றி இறக்குவதைக் காட்டிலும், நகரத்துக்கு வெளியே மலிவான நிலத்திலே ஒரே தளமாகக் கட்டி லொறியைக் கதவுவரை கொண்டுவருவது இலாபமாயிற்று. துறைமுகங்களிலோ, 1960களில் கொள்கலன் கப்பல்கள் பெருகியபோது, மூட்டையை மூட்டையாக இறக்கி மாடிக்கு ஏற்றும் வேலையே அற்றுப்போயிற்று. நகர நடுவிலே உறுதியான கட்டடங்கள் வெறுமையாயின. அவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வேலையின்றி நின்றன. இந்த இரண்டாவது உண்மையை மறந்து முதலாவதை மட்டும் பேசுவதே இக்காலத்து விளம்பரங்களின் வழக்கம்.

ஆலைத் தளங்களை மனையாக்கி வாழும், லொஃப்ட் வாழ்க்கை என்று உலகம் வழங்கும் முறைக்கு வழிகாட்டியாய் நின்றது நியூயோர்க் நகரத்து சோஹோ என்னும் பகுதி. வார்ப்பிரும்பு முகப்புகளோடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எழுந்த அதன் கட்டடங்களிலே துணி வாணிகமும் சிறு கைத்தொழில்களும் நடந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அத்தொழில்கள் தேய்ந்தபோது, அடிக்கடி தீப்பற்றும் அப்பகுதியை நரகத்தின் நூறு ஏக்கர் என்று தீயணைப்புப் படையினரே பெயரிட்டு அழைத்தனர். ரொபர்ட் மோசஸ் என்னும் பெரும் அதிகாரி வகுத்த ஓர் அதிவேகப் பாதை அப்பகுதியை ஊடறுத்துச் செல்வதாக இருந்தது; ஜேன் ஜேக்கப்ஸ் முதலியோரும் ஊர்மக்களும் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றமையால் 1969இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. இதனிடையே, பெரிய திரைகளைத் தீட்டுவதற்கு இடமின்றித் தவித்த ஓவியர்களும் சிற்பிகளும், குளியலறையும் சமையலறையும் இல்லாத அந்தத் தளங்களைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, சட்டத்துக்கு மாறாகவே அங்கு குடியேறினர். ஜோர்ஜ் மச்சியூனஸ் என்னும் கலைஞர் 1967இல் வூஸ்டர் வீதி 80ஆம் இலக்கக் கட்டடத்தைக் கலைஞர்களின் கூட்டுறவுக் குடியிருப்பாக அமைத்துக் காட்டினார். 1971இல் நகராட்சி, தன்னிடம் சான்று பெற்ற கலைஞர்கள் அங்கு வாழ அனுமதித்தது. 1973இல் சுமார் 500 கட்டடங்கள் கொண்ட அப்பகுதி சரித்திர முக்கியத்துவம் உடையதாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சட்டப் பாதுகாப்பின்றி ஆலைத் தளங்களிலே வாழ்ந்த வாடகைக்காரர்களுக்கு 1982இல் மாநிலச் சட்டம் ஒன்று பாதுகாப்பளித்தது.

இச்சரித்திரத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கலைஞர்கள் தம் கையாலே குழாய் பொருத்தி, சுவர் பூசி, வாழத் தகுந்ததாக்கிய அந்த இடம் புகழ்பெற்றவுடனே விலை ஏறிற்று. விலை ஏறியவுடனே, அதனை வாழத் தகுந்ததாக்கியவர்களிலே பெரும்பாலோருக்கு அங்கு இடமில்லாது போயிற்று. சட்டம் வந்தது, சரித்திரப் பிரகடனம் வந்தது, முகப்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் யாருக்காக அவ்வளவும் நடந்ததோ அவர்கள் வேறு பேட்டைகளுக்குப் பெயர்ந்தனர். கட்டடத்தின் உருவத்தைக் காக்க வல்ல சட்டம், அதில் வாழ்வோரைக் காக்கப் போதுமானதன்று என்பதை சோஹோ நமக்குக் காட்டுகிறது.

லண்டனில் நிகழ்ந்தது நமக்கு இன்னும் நெருங்கியது. தேம்ஸ் நதியின் தென்கரையிலே, கோபுரப் பாலத்துக்கு அருகே, 1873இல் கட்டிமுடிக்கப்பட்ட பட்லர்ஸ் துறைக் கிட்டங்கிகள் தேயிலையையும் வாசனைத் திரவியங்களையும் சேமித்து வைத்த இடங்கள். கிழக்கு நாடுகளின் விளைபொருள் மூட்டையாகவும் பெட்டியாகவும் அங்கு இறங்கி, வீதிக்கு மேலே குறுக்காக இட்ட இரும்புப் பாலங்கள் வழியாக ஒரு கிட்டங்கியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றது. 1972இல் அத்துறை மூடப்பட்டது. ஓவியர்களும் திரைப்படக் கலைஞர்களும் சில காலம் அங்கு தங்கினர். 1980களில் டெரன்ஸ் கொன்ரன் என்னும் வடிவமைப்பாளர் முன்னின்று அதனை விலையுயர்ந்த குடிமனைகளாகவும் உணவகங்களாகவும் மாற்றினார். இன்று அவ்வட்டாரத்துக் கட்டடங்கள் கறுவாவின் பெயராலும் ஏலத்தின் பெயராலும் கிராம்பின் பெயராலும் வழங்குகின்றன. சரக்கின் பெயர் சுவரிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கறுவாவை உரித்த கைகளையும், மூட்டையைச் சுமந்து ஏற்றிய துறைமுகத் தொழிலாளரையும் நினைவுறுத்துவது அந்தப் பெயர்களிலே ஒன்றுமில்லை. இதைப் பெருங்குற்றம் என்று நான் சாடவில்லை; நினைவு அரைகுறையாய் நிற்பதைக் கண்டு வருந்துகிறேன்.

ரொறன்ரோவிலே, லிபர்ட்டி விலேஜ் என்னும் பழைய கைத்தொழிற் பேட்டையிலே, ஏர்வின் நிறுவனத்தார் விளையாட்டுப் பொருள் செய்த ஆலை இன்று குடிமனைகளாய் நிற்கிறது. குயின் வீதி மேற்கிலே மிட்டாய் ஆலை ஒன்றும் அவ்வாறே ஆயிற்று. செங்கற் சுவரும் மர உத்திரமும் உள்ளவாறே தெரிய விட்ட மெய்யான ஆலை மனைகள் அந்நகரத்திலே உண்டு. அவற்றின் சாயலை மட்டும் எடுத்துப் புதிதாகக் கட்டிய மனைகளும் உண்டு. அந்நகரம் அமைந்த ஒன்ராறியோ மாகாணம், பலர் கூடி ஒரே கட்டடத்தை உடைமையாகக் கொள்வதற்கான கூட்டாதனச் சட்டத்தை 1967இலேயே இயற்றியது என்பதும், கூரையும் மின்தூக்கியும் குழாய்களும் பழுதுறும் காலத்துக்கென்று வீட்டுக்காரர் அனைவரும் மாதந்தோறும் சேமநிதி சேர்த்தே ஆகவேண்டுமென்று அம்மாகாணச் சட்டம் விதிப்பதும் நாம் கருத்திற் கொள்ளத்தக்கவை. அங்கே வாழும் நம் உறவினர் மாதக் கட்டணம் மிகுதியென்று தொலைபேசியிலே சலித்துக்கொள்வது உண்டு. அந்தக் கட்டணமே அவர்கள் தலைக்கு மேலுள்ள கூரையை ஒழுகாமல் வைத்திருக்கிறது.

இனி நம் மொழி பேசும் நிலத்துக்கு வருவோம். சென்னைப் பெரம்பூரிலே பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் எழுந்தன. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பி. பி. வாடியா அவர்களின் தலைமையிலே, திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அவர்களின் துணையோடு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டே உருவாயிற்று. இந்திய நாட்டின் ஒழுங்கான தொழிற்சங்க இயக்கத்துக்கு அதுவே தோற்றுவாய் என்று சரித்திரகாரர் மதிப்பர். 1921ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தமும், அதனிடையே எழுந்த கலவரங்களும், துப்பாக்கிச் சூடும் அவ்வட்டாரத்துத் தெருக்களிலே நிகழ்ந்தவை. தமிழ் உரைநடைக்கு இனிமையும் கம்பீரமும் ஈந்த கலியாணசுந்தர முதலியார் அவர்கள், ஆலைக் கூலியாளின் உரிமைக்காகவும் அதே நாவால் பேசினார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவ்வாலைகள் 1996இல் மூடப்பட்டன. இன்று அந்நிலத்திலே வானளாவிய குடியிருப்புகள் எழுந்துள்ளன. லண்டனிலே கிட்டங்கியின் சுவராவது எஞ்சிற்று. பெரம்பூரிலே குடியிருப்பு வந்தது, ஆலை எஞ்சவில்லை. தமிழ்நாட்டுத் தொழிலாளர் தலைநிமிர்ந்த இடத்தின் ஒரு கூடத்தையேனும் முழு உருவத்தோடு வைத்திருந்து, அதனுள்ளே சில குடும்பங்களையும் ஒரு நூலகத்தையும் அமர்த்தியிருப்பார்களாயின், அந்நகரத்தின் செல்வம் குறைந்திராது, சரித்திரம் வளர்ந்திருக்கும்.

பம்பாயின் கதை இதனினும் பெரியது. 1854இலே முதற் பஞ்சாலை தோன்றிய அந்நகரத்தின் நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் சுமார் 600 ஏக்கர் நிலத்திலே நின்றன. அவற்றைச் சுற்றி, ஒரே அறையிலே ஒரு குடும்பம் என்ற கணக்கிலே, தொழிலாளர் வாழும் சால் என்னும் நெடுங்கட்டடங்கள் நெருங்கியிருந்தன. 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்தின் தலைமையிலே தொடங்கிய வேலைநிறுத்தத்திலே ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பங்குகொண்டனர்; அது முறையாக முடிவுறாமலே பல ஆலைகள் அழிந்தன. ஆலை நிலத்தை மறுபடி அபிவிருத்தி செய்வோர் அதில் ஒரு பங்கைப் பொது வெளிக்கும், ஒரு பங்கைப் பொதுமக்களின் வீடமைப்புக்கும் விட்டு, எஞ்சியதையே தாம் வைத்துக்கொள்ளவேண்டுமென்று 1991இல் விதி வகுக்கப்பட்டது. 2001இலோ, கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே அப்பங்கீடு உரியது என்று விதி திருத்தப்பட்டது. ஊருக்கு வரவேண்டிய நிலம் மிகச் சுருங்கிற்று. 2006இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இன்று அங்கே மாளிகைகளுக்கும் அங்காடிகளுக்கும் இடையே ஒரு சில புகைபோக்கிகள் தனித்து நிற்கின்றன. விதியின் ஒரு வரி மாறியதனால் எத்தனை ஆயிரம் தொழிலாளர் குடும்பங்களின் வீட்டுக் கனவு மாறியது என்பதை எண்ணிப் பாருங்கள். சட்ட நுணுக்கம் வழக்கறிஞருக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுங்கியிருப்பது தகாது.

நம் இலங்கையிலே இதற்கு அருகான உதாரணம் கந்தப்பளையில் உள்ளது. நுவரெலியாவுக்கு அப்பால், உயர்ந்த மலைச்சரிவிலே, ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலை ஆலை பல ஆண்டுகள் வேலையின்றிக் கிடந்து, 1996இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. பறித்த கொழுந்தை வாட்டுவதற்குக் காற்றும் பரப்பும் வேண்டுமாகையால், தேயிலை ஆலையின் மேல்மாடிகள் முழுவதும் சாளரங்கள் நிறைந்த நெடுங்கூடங்களாக அமைவது வழக்கம். கொழுந்து வாடிய அந்த மாடிகளே அங்கு விருந்தினர் அறைகளாயின. பழைய யந்திரமும் பெரிய காற்றாடிகளும் அகற்றப்படாமல் காட்சிக்கு வைக்கப்பட்டன. புறச்சுவரையும் அகத்தின் எலும்புக்கூட்டையும் காத்துக்கொண்டு ஒரு கட்டடத்துக்கு மறுவாழ்வு அளிப்பது நம் நாட்டுத் தொழில்நுட்பத்தாலும் கைகூடும் என்று நிரூபித்த வகையிலே அது பாராட்டத்தக்க காரியம். ஆனால், கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறிய மக்களின் சந்ததியார் பலர், மலையகமெங்கும், நூற்றாண்டு கடந்த லயன் அறைகளிலே, தம் பெயரில் உறுதியற்ற மண்ணிலே இன்றும் வாழ்கின்றனர். ஆலைக்கு மறுவாழ்வு கிடைத்த நாட்டிலே லயனுக்கும் மறுவாழ்வு கிடைக்கவேண்டும் என்று கேட்பதே நியாயத்தின் முறை.

இனி, பலர் கூடி ஒரே கட்டடத்தை உடைமையாகக் கொள்வது எப்படி என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுப் பொதுச் சட்டத்தின்படி, நிலத்துக்கு உரியவரே அதன்மேல் நிற்கும் கட்டடத்துக்கும் உரியவர். ஆகவே நிலத்தோடு ஒட்டாத மேல்மாடியைத் தனியாக விற்கவோ கொடுக்கவோ பழைய முறையிலே வழியில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனைச் சொத்துடைமைச் சட்டம் அதற்கு வழிசெய்கிறது. நில அளவையாளர் வரைந்த கூட்டாதன வரைபடம் உள்ளூர் அதிகாரசபையின் அங்கீகாரம் பெற்று, காணிப் பதிவகத்திலே பதிவாகுமாயின், ஒவ்வொரு மனைக்கும் தனி உறுதி முடிக்கலாம். படிக்கட்டு, கூரை, புறச்சுவர், நீர்த்தாங்கி, கழிவுநீர்க் குழாய், முற்றம் ஆகியவை பொதுக்கூறுகளாய் அனைவருக்கும் பங்குவீதப்படி உரியனவாகும். அவற்றைப் பராமரிப்பதற்கு மனைக்காரர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இயங்கவேண்டும். அதனை மேற்பார்வை செய்வதற்கு அரசின் அதிகாரசபையும் உண்டு.

இது நமக்குப் புதியதன்று. நம் வயற்கண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரம்புக்குள்ளே விளையும் நெல் அவரவர்க்குரியது. வாய்க்காலில் வரும் நீர் அனைவர்க்கும் உரியது. கல்லோயாவின் நீர் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து புறப்பட்டு நம் வயலை அடைவதற்கு முன், பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே நாள் குறிக்கப்படுகிறது, ஒவ்வொருவரும் தம் பங்குக்குரிய வாய்க்காலைத் துப்பரவு செய்கிறார்கள், வட்டவிதானை மேற்பார்க்கிறார், தவறியவர் தண்டம் இறுக்கிறார். மேல்வயற்காரன் வாய்க்காலை அடைத்தால் கடைவயற்காரன் கருகுவான் என்ற அறிவு நம் இரத்தத்திலே ஊறியது. மேல்மாடியிலே குழாய் வெடித்தால் கீழ்மாடியிலே சுவர் நனையும் என்பதும் அதே அறிவுதான். கண்டத்திலே காட்டும் ஒழுங்கைப் படிக்கட்டிலும் காட்டுவோமாயின், அடுக்குமாடி வாழ்க்கையின் பிணக்குகளிலே பெரும்பகுதி எழவே மாட்டா.

இங்கே தாய்மார்களை விசேஷமாக நோக்கி ஒரு வார்த்தை. மட்டக்களப்புத் தென்புலத்திலே, தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே கைக்கொண்டுவரும் வழக்கப்படி, வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணத்தின்போது மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறோம். முன்னர் வளவு பெரிதாயிருந்தபோது, மூத்தவளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவிலே சிறு வீடு கட்டி ஒதுங்கினார்கள். இளையவளுக்கு மற்றொரு மூலை இருந்தது. இன்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வளவு என்பது சில பேர்ச் நிலமே. ஆகவே மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்வீடு, அதற்கும் மேலே கடைக்குட்டிக்கென்று கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும் கூரைத்தளம் என்று நம் வீடுகள் தாமாகவே அடுக்குமாடிகளாகிவிட்டன. ஆனால் உறுதியோ பழைய முறையிலேயே கிடக்கிறது. பெற்றோர் உள்ள வரையில் அன்பு காக்கும். அவர்களுக்குப் பின், படி யாருடையது, கிணறு யாருடையது, மொட்டைமாடி யாருடையது என்ற வழக்கு சகோதரிகளை நீதிமன்றத்திலே நிறுத்தும். மேல்மாடியை மகளுக்குக் கொடுக்கும் பெற்றோர், நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே நொத்தாரிசிடமும் நில அளவையாளரிடமும் சென்று கூட்டாதன முறையை விசாரித்தல் வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையை இச்சபையிலே நினைவூட்டத் தேவையில்லை. இலங்கைத் தீவிலே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம் அம்பாறை. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மறுபடி கட்டுவது கிழக்கிலே தடுக்கப்பட்டபோது, பின்புறம் வயலும் களப்புமாய்க் கிடந்த ஊர்களிலே நிலம் கிடைக்கவில்லை. மீனவக் குடும்பங்களுக்கும் பிறருக்கும் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. வலையை உலர்த்த முற்றமும், தோணியைக் காண வாசலும் கொண்டு வாழ்ந்தவர்கள் மூன்றாம் மாடியிலே கதவு சாத்தி வாழ நேர்ந்தது. கட்டடம் கிடைத்தது, கட்டடத்தைக் கூடி நிர்வகிக்கும் பயிற்சி கூடவே கிடைத்திருக்கவேண்டும். மலக்குழி நிரம்பினால் யார் பணம் இறுப்பது, நீர்த்தாங்கியை யார் கழுவுவது என்ற கேள்விகளுக்கு விடை வகுக்காமல் சாவியை மட்டும் கையளிப்பது, எந்த நாட்டிலாயினும், துன்பத்துக்கு வித்திடுவதாகும்.

இறுதியாக, நம் பழைய ஆலைகளைப் பற்றி. புகைபோக்கியோடு நிற்கும் நெல் ஆலைகளும், மருதமுனையின் நெசவுச்சாலைகளும், 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை உண்டான பின் எழுந்த களஞ்சியங்களும் இப்பிரதேசத்தின் உழைப்புச் சரித்திரத்தின் சாட்சிகள். அவற்றை உடனே குடிமனைகளாக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. தொழில் மெய்யாகவே இறந்துவிட்டதா என்பதை முதலில் ஆராயவேண்டும். 1960இல் தொடங்கிய ஹிங்குராணை சீனித் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டுக் கிடந்து, பின்னர் மறுபடி இயங்கத் தொடங்கிற்று. மீளக்கூடிய தொழிலின் கூடத்தைப் படுக்கையறையாக்குவது அறிவுடைமை அன்று. தொழில் மீளாது என்று தெளிந்த இடத்திலும், கட்டடத்தின் தேகநிலையைச் சோதிக்கவேண்டும். உப்புக் காற்று இரும்பை உள்ளிருந்து அரிக்கும். கல்நார்த் தகட்டை உடைத்தால் அதன் தூசி நெஞ்சறையைக் கெடுக்கும். பழைய எண்ணெய் மண்ணிலே ஊறியிருக்கும். நெடுங்கூடத்தின் நடுப்பகுதி இருளாயிருக்குமாகையால் முற்றம் ஒன்றைத் திறந்துவிடவேண்டும். 1978 நவம்பர் 23இன் சூறாவளி கூரைகளைப் பறித்தெறிந்ததைக் கண்டவர்கள் கூரையைச் சுவரோடு பிணைக்கும் பிணைப்புகளின் முக்கியத்துவத்தை உணர்வார்கள்.

இச்சோதனைகளைக் கடந்து நிற்கும் கட்டடம் எதுவாயினும், அதனை இடிப்பதற்குப் பதிலாக, வெளியூர்களிலிருந்து வந்து இங்கு பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் தாதியர்களுக்கும் இளங்குடும்பங்களுக்கும் ஏற்ற எளிய மனைகளாக ஆக்கலாம். சுவரும் அத்திவாரமும் முன்னரே நிற்கின்றபடியால் பொருளும் மிஞ்சும். வயலை நிரப்பி வீடு கட்டும் அவசியமும் குறையும். ஒரு நெற்காணியைக் காப்பது இந்நாட்டிலே ஓர் உயிரைக் காப்பதற்குச் சமம்.

ஆலை உடையோரை நான் வேண்டிக்கொள்வது இது: விற்பதற்கு முன், அதிலே உழைத்த குடும்பங்களைக் கலந்து பேசுங்கள், மனைகளிலே ஒரு பங்கை அவர்கள் கொடுக்கக்கூடிய விலைக்கு ஒதுக்குங்கள். பிரதேச சபையாரை வேண்டிக்கொள்வது: அங்கீகாரம் வழங்கும் நாளிலேயே முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் சேமநிதியும் உண்டாயினவா என்று கேளுங்கள். ஆசிரியர்களை வேண்டிக்கொள்வது: பிள்ளைகளை அழைத்துச்சென்று, பாக்குநீர் போல் நிறம்படிந்த அவித்தல் தொட்டியையும் தறிக்குழியையும் அளந்து வரையச் செய்து, அங்கு வேலைசெய்த முதியோர் சொல்வதை எழுதி வையுங்கள். இந்த மூன்று காரியங்களுக்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. முன்கூட்டியே கூடிப் பேசும் பழக்கம் வேண்டும். வாய்க்காலுக்காக ஆண்டுதோறும் கூடுகின்ற நமக்கு அப்பழக்கம் உண்டு. அதனை வீட்டுக்கும் ஆலைக்கும் விரித்துக்கொள்வோமாயின், சோஹோவும் பெரம்பூரும் இழந்ததை நாம் இழக்காமல் காக்க முடியும் என்பதே என் நம்பிக்கை.